அவர் நிறுத்திய பிறகும்

பரீட்சைக்குப் பத்தேகால் மணி அடித்தாயிற்று. இனி ஒன்றேகால் வரைக்கும் உட்காரக் கூடாது, ஒரு துண்டுத்தாளைக்கூட எடுத்து வாசிக்கக் கூடாது, பக்கத்து அறை டீச்சரோடு பேசக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் பறக்கும் படைக்காரர் வந்து என்ன டீச்சர் வேடிக்கையா என்பார். போனைக் காலையிலேயே வாங்கித் தலைமையாசிரியர் அறையில் வைத்துவிட்டார்கள். இருபது பெண்பிள்ளைகள், ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு மேசை, இடையில் நான் நடக்கிற அளவுக்குச் சந்து. ஒருத்தியை மூன்று மணி நேரம் சும்மா யோசிக்க விட்டுச் சம்பளமும் கொடுக்கிற வேலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மற்ற வருஷங்களில் எனக்கு இது பிடிக்கும். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து எப்போது வருவாள், என் முழங்கால் படி ஏறும்போது சும்மா இருந்துவிட்டு இறங்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது என்று எதையாவது நினைத்துக்கொண்டு நடப்பேன், பொழுது போவது தெரியாது. இன்றைக்கு யோசனையே வேண்டாம் என்று இருக்கிறது. இன்றைக்கு ஒன்று ஐம்பது ரயிலில் அவர் போகிறார். தர்மபுரிக்கு மாறுதல். நெடுஞ்சாலைத் துறையில் இத்தனை வருஷமும் கோவில்பட்டியை விட்டு நகராதவர், ஐம்பது வயசில் இப்படித் தூக்கி அடித்துவிட்டார்களே என்று நானும் ஊரோடு சேர்ந்து ஐயோ பாவம் சொல்லிக்கொண்டு, ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்தேன். "நீ ட்யூட்டிக்குப் போ, நான் போயிக்கிடுதேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் ஜெபக்கனி டீச்சர் பிடித்துக்கொண்டாள். அவள் தம்பிக்கும் அதே ஆபீஸ். "சாரு கேட்டு வாங்கிட்டுப் போறாகளாமே டீச்சர்? எங்க தம்பி சொன்னான். யாராவது தர்மபுரியப் போயி கேட்டு வாங்குவாகளா?" என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு எனக்கு எப்போதும் கைவசம் இருக்கிற சாமான். கேட்டு வாங்கினாராம். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, என் பெண்டாட்டி இருக்கிற ஊரிலிருந்து என்னைத் தூரமாகப் போடுங்கள் என்று. அவரிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. இருபது நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ரயிலேறிவிட்டால் அது இனி சொல்லப்படப் போவதில்லை. இப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர் திரும்பி வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவார், விருந்தாளியிடம் இதையெல்லாம் பேச முடியாது.

மூன்றாவது வரிசைப் பிள்ளை தண்ணீர் கேட்கிறாள். கொடுத்தாயிற்று. வரலாற்றுத் தேர்வு என்றால் கை ஓயாமல் எழுதுவார்கள், தெரிந்ததையும் எழுதுவார்கள், தெரியாததையும் எழுதுவார்கள். நான் விலங்கியல். உயிரியல் தேர்வு அன்றைக்கு மட்டும் என்னை அறைக்குள் விட மாட்டார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேனாம். நான் பாடத்தில் சொல்லிக் கொடுத்த லட்சணம் எனக்கல்லவா தெரியும். கட்டை. அந்த வார்த்தைதான் முதலில் வரும், எதை நினைத்தாலும் கடைசியில் அதில் போய்த்தான் முட்டும். கல்யாணமான மூன்றாவது வாரம், திட்டிக்கூடச் சொல்லவில்லை, அலுத்துக்கொள்ளவுமில்லை, "என்ன செம்பகம், இப்படிக் கட்ட மாதிரி கெடக்க" என்றார், விளையாட்டுப்போல. செண்பகவல்லி என்று முழுப்பெயரைச் சொல்ல மாட்டார், செம்பகம்தான். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அதற்கப்புறம் இருபது வருஷமாக நான் தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகத்தான் தூங்கினேன், ஆனால் கட்டையாகத் தூங்கினேன். எல்லாப் பெண்களுக்கும் ஏதோ ஒன்று நடக்கிறது, எனக்கு மட்டும் கடவுள் அந்த இணைப்பைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் பெண்டாட்டி உலகம்மாள் மதினியிடம் மட்டும் ஒருமுறை அழுதுவிட்டேன். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே, "இதுக்கா அழுத? கண்ண மூடிக்கிட்டு மூச்ச மேல மேல வாங்கு. அவுகளுக்குச் சந்தோசமாயிரும், சோலியும் வெரசா முடிஞ்சிரும்" என்றாள். நான் படித்த படிப்பில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அப்படியே செய்தேன், சோலியும் வெரசாக முடிந்தது. அவர் கட்டை என்று அப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தார், பாவம். நடிப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்களிடம் காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்களே, அந்த மாதிரி ஒரு மரியாதை. பதினாறு வருஷம் அந்த மரியாதை செய்திருக்கிறேன். மூச்சு வாங்கத் தெரிந்துகொண்டேன், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டேன், எனக்கு எது பிடிக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

பாடத்திட்டத்தில் இருந்ததையே நான் நடத்தவில்லை என்பது வேறு விஷயம். பன்னிரண்டாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் என்று ஒரு பாடம். கரப்பான்பூச்சிக்குச் சொல்லுவேன், தவளைக்குச் சொல்லுவேன், முயலுக்குப் பெரிய படமாகப் போட்டுக் கலர் சாக்பீஸால் பாகம் குறிப்பேன். மனிதன் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். "இது நீங்களே வீட்டுல வாசிச்சுக்கிடுங்க, கைடுல எல்லாம் இருக்கு, அஞ்சு மார்க்குல ரெண்டு வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். நான் மட்டுமில்லை, என் டீச்சர் எனக்கு அப்படித்தான் செய்தாள், அவளுடைய டீச்சர் அவளுக்கு. வழிவழியாக வருகிற தாவல். ஒரு வருஷம் மாரிச்செல்வி என்று ஒரு துடுக்குப் பிள்ளை எழுந்து, "டீச்சர், அதுல முட்டை எத்தனாவது நாள் வரும்னு போட்டுருக்கு. அவங்களுக்கு ஆசை வரலைன்னா என்ன ஆகும்னு போடலியே?" என்று கேட்டாள். வகுப்பே மேசையில் கவிழ்ந்து சிரித்தது. "பரீட்சைக்கு வராததக் கேக்காத, உக்காரு" என்றேன். நியாயமான கேள்வி. எனக்கும் அதே கேள்விதான், பதில் தெரிந்தால் நானல்லவா முதலில் எழுதி எடுத்திருப்பேன். முட்டை எந்தக் குழாய் வழியாக எந்த நாளில் வரும் என்று படம் போட்டவன், மனசு எந்த வழியாக வரும், வராமல் போனால் யாரைக் கேட்பது என்று ஒரு அம்புக்குறியாவது போட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். அவளுக்கும் யாராவது ஒரு மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருப்பாள். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யாரோ கூடுதல் தாள் கேட்கிறார்கள். எழுந்து நிற்கிறவள் ரெட்டைச்சடை. தாளைக் கொடுத்துவிட்டு அவள் பதிவெண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்போது கை வேர்த்திருந்தது. இப்போதெல்லாம் திடீரென்று கழுத்திலிருந்து சூடு ஏறி, நெற்றி நனைந்து, இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது. அதற்காகத்தான் இருபது நாளைக்கு முன்னால் டாக்டரிடம் போனேன். இங்கே போனால் சேதி எனக்கு முந்தி வீட்டுக்கு வந்துவிடும் என்று திருநெல்வேலிக்குப் போனேன்.

என்னைவிடப் பத்து வயசு சின்னவள் அந்த டாக்டரம்மா. மாதவிலக்கு நாளெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "உறவெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொந்தக்காரர்களைக் கேட்கிறாள் என்று நான் நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் புரிந்துவிட்டது. "நாலு வருசமா இல்ல" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். "வேண்டாம்னு இருக்கீங்களா, முடியலைன்னு இருக்கீங்களா?" இந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு நாற்பத்து நான்கு வயசில் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. பிறகு நானே வாயைத் திறந்து, எனக்கு ஒன்றுமே வராது டாக்டர், நான் ஆரம்பத்திலிருந்தே கட்டை என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படின்னு ஒண்ணு கெடையாதும்மா. சிலருக்கு ஆசை முன்னால வரும், ஒடம்பு பின்னால வரும். சிலருக்குத் தொட்டு, பேசி, நேரம் ஆன பிறகுதான் ஆசையே வரும். நேரம் கொடுக்காட்டி வராது. இன்னும் சில நேரம் ஒடம்பு தயாரா இருக்கும், மனசுல ஒண்ணும் இருக்காது. சில நேரம் மனசு பூரா இருக்கும், ஒடம்பு வறண்டு கெடக்கும். ஒண்ணப் பாத்து இன்னொண்ணக் கணக்குப் போடக் கூடாது. ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே வயசுக்கு வயசு மாறும்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏனென்றால் எனக்கு வந்திருக்கிறது. ஒருமுறை, முப்பத்து நான்கு வயசில், விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து மழையில் பஸ்ஸில் தனியாக வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் ஷட்டர் பாதி இறங்கி மாட்டிக்கொண்டு சாரல் அடித்தது, பஸ் சும்மா உறுமிக்கொண்டு நின்றது, பக்கத்தில் யாரும் இல்லை, நினைப்பிலும் யாரும் இல்லை. உடம்பு தானாக விழித்துக்கொண்டது. அடிவயிற்றில் ஆரம்பித்து முட்டி வரைக்கும் வெதுவெதுவென்று ஒரு இளக்கம். எவ்வளவு நல்லதாக இருந்தது அது. நான் என்ன செய்தேன், வீட்டுக்கு வந்து இழவு வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இன்னொரு சமயம் மகள் வயிற்றில் ஐந்து மாசம், அப்போது எனக்கு அவர் வேண்டும் வேண்டும் என்று இருந்தது, பக்கத்தில் வந்து படுத்தாலே போதும் என்று இருந்தது. தோளில் கை வைத்தேன். "பிள்ளைக்கு ஆகாது" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அதோடு சரி. எனக்கு இது வேண்டும் என்று அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரிடம் நான் வாய் திறந்து கேட்டது கிடையாது. பிள்ளை பிறந்து ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை, அப்புறம் கொஞ்சம், அப்புறம் இல்லை. இவ்வளவும் இந்த ஒரே உடம்பில்தான் நடந்திருக்கிறது, எந்தக் கட்டைக்கு இப்படி நடக்கும்? நான் கட்டை இல்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன். டாக்டரம்மா அதற்கப்புறமும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், அவருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை என்றெல்லாம் கேட்டாள், நானும் பதில் சொன்னேன், எதுவும் மனசில் பதியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒரு பரீட்சையில் ஜெயித்தவள் மாதிரி வந்தேன். இதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருபது நாளாக வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னது தப்பு, நான் கட்டை இல்லை என்று. அவர் சொல்லி இருபது வருஷம் கழித்து, அவர் மறந்தே போயிருப்பதற்கு, நான் பதில் எடுத்துக்கொண்டு போகிறேன்.

பதினொன்றே முக்கால் மணி அடித்தது. ரெட்டைச்சடைப் பிள்ளை காலக்கோடு வரைகிறாள். ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு, அதில் ஐந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு சின்னக் குறுக்குக்கோடு, மேலே வருஷம், கீழே நடந்தது. அழகாகத்தான் போடுகிறாள், நாக்கைத் துருத்திக்கொண்டு. இவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாறுதலுக்கு எப்போது எழுதிக் கொடுத்திருப்பார்? இந்தத் தையில் இருக்கும். என்னோடு பேசுவதைக் குறைத்தது அதற்கும் முந்தி. கூடத்தில் தனியாகப் படுக்க ஆரம்பித்தது நாலு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில், எனக்கு நாள்கூடத் தெரியும், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். ஜன்னலில் வெயில். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாளைக்கு என்ன குழம்பு என்று யோசித்திருப்பேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். "யாருக்கு இது?" என்று குரல் கேட்டது. கண்ணைத் திறந்தால் அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை போட்டிருக்கிறார். பித்தான் எல்லாம் போட்டாயிற்று. நான் பாட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் எழுந்து, சட்டையைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பித்தானாகப் போட்டு முடித்திருக்கிறார். அவர் நிறுத்தி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார், பதினாறு வருஷத்து நடிப்பையும் ஒரே நாளில் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வெட்கத்தில் நான் என்னை மட்டுமே பார்த்தேன். அவர் ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவே இல்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை. ஏன் நிறுத்தினார்? நான் நடித்ததைப் பார்த்து நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டுத்தானே பார்த்தார்.

அதற்கு முந்தின புரட்டாசியில் அவர் ஆபீசில் மருத்துவ முகாம். சர்க்கரை இருக்கிறது, ரத்தக்கொதிப்பும் இருக்கிறது என்று சீட்டுக் கொடுத்தார்கள். ஐப்பசியில் மாத்திரை ஆரம்பம். கார்த்திகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு கோடு, மூன்று குறுக்குக்கோடு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடுவாள். டாக்டரம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் விழுகிறது, "சர்க்கரையும் பண்ணும்மா, சில பிரஷர் மாத்திரையும் பண்ணும். ஆம்பளைங்க ஒடம்பும் சொன்ன பேச்சுக் கேக்காது. ஆசை இருக்கும், ஒடம்பு எந்திரிக்காது. அவங்க அத ஆசையே செத்துப் போச்சுன்னு எடுத்துக்குவாங்க, இல்லன்னா ஆம்பளத்தனமே போச்சுன்னு. வெளிய சொல்ல மாட்டாங்க. மாத்திரைய அவங்களா நிறுத்திராம டாக்டரக் கேட்டு மாத்திக்கச் சொல்லுங்க" என்றாள். நான் தலையாட்டினேன். கட்டை இல்லை கட்டை இல்லை என்று உள்ளுக்குள் ஆடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அன்றைக்கு அவர் உடம்பு பாதி வழியில் கைவிட்டிருக்கிறது. முதல் தடவையாக இருக்கும், அல்லது அதற்கு முன்னாலும் ஓரிரு தடவை எப்படியோ சமாளித்திருப்பார். பயந்து போய் என் முகத்தைப் பார்த்திருக்கிறார், இவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று. இவள் கண்ணை மூடிக்கொண்டு பரமானந்தத்தில் இருக்கிறாள். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷனுக்கு யார் சொல்ல முடியும்? ஐயோ. நானே ராத்திரி காலை இரண்டு வேளையும் மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், ஒருநாள் தவறாமல், தண்ணீரோடு. பிறகு ஒருநாள் அவர் பையில் குதிரைப் படம் போட்ட ஒரு லேகிய டப்பா கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று இரண்டு வருஷம் அவர் சட்டையை மோந்து பார்த்தேன். எவளுமில்லை. எந்த லாட்ஜில் எந்த வைத்தியனிடம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து அதை வாங்கினாரோ. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான் கட்டை என்று படுத்திருக்கிறேன், அவர் அந்தப் பக்கம் நான்தான் பட்டுப்போனேன் என்று படுத்திருக்கிறார். நடுவில் ஒரு கதவு, தாழ்ப்பாள்கூடக் கிடையாது. ஒரே வீட்டில் ஒரே வியாதியை ஆளுக்கொரு பெயரில் வைத்துக்கொண்டு தனித்தனியாகச் செத்திருக்கிறோம்.

"டீச்சர்" என்று ரெட்டைச்சடை என்னை அண்ணாந்து பார்க்கிறாள். வெகுநேரமாக அவள் தலைமேலேயே நிற்கிறேன் போலிருக்கிறது, பிள்ளை மிரண்டுவிட்டது. ஒன்றுமில்லை எழுது என்று நகர்ந்தேன். பன்னிரண்டரை. நடந்தேன். ஆறு அடி, திரும்பு, ஆறு அடி. சொல்ல வேண்டியது மாறிவிட்டது, இருபது நாளாகத் தயார் செய்தது ஒன்றுக்கும் உதவாது, நான் கட்டை இல்லை என்பதைத் தூக்கிக் குப்பையில் போடு. வேறு என்ன சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? இதற்குப் பாடப்புத்தக வார்த்தை இருக்கிறது, அது பிணத்தை அறுத்துப் பார்க்கிறவன் வார்த்தை. கெட்ட வார்த்தை இருக்கிறது, அது பஸ் ஸ்டாண்டு சுவரில் இருக்கிறது. நடுவில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள ஒன்றையும் யாரும் செய்து வைக்கவில்லை, அல்லது செய்து வைத்தவர்கள் எனக்குச் சொல்லாமல் தாவிவிட்டார்கள். சொன்னால் அவர் என்ன நினைப்பார்? என் குறையை நாலு வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தாயா என்பார். டாக்டரிடம் போய் என் மானத்தை விற்றாயா என்பார். சொல்லாவிட்டால் அவர் தர்மபுரியில் ஒரு மாடி அறையில் சமைத்துச் சாப்பிட்டு, தன்னைத் தானே வீணாய்ப் போனவன் என்று நினைத்துக்கொண்டு ரிட்டயர் ஆவார். எனக்கு அவர் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாக அவர் வேண்டும் என்று இருந்தது. உடம்பெல்லாம் ஒன்றுமில்லை, இப்போது உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை, கால்தான் வலிக்கிறது. ஆனாலும் வேண்டும். ஆசை எந்த வழியாக வரும் என்று மாரிச்செல்வி கேட்டாளே, இந்த வழியாகவும் வருகிறது. ஒன்றேகால் மணி அடிக்கிறதற்குள் நான் நூறு தடவையாவது கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் கையிலிருந்து தாளைப் பிடுங்காத குறை. வரிசை எண்ணில் அடுக்கி, எண்ணி, ஒன்று குறைய, மறுபடி எண்ணி, இருபது இருக்க, தலைமையாசிரியர் அறைக்கு ஓடினால் எனக்கு முன்னால் ஆறு டீச்சர்கள் விடைத்தாள் கட்டுகளை ஒப்படைக்க நிற்கிறார்கள். போன் கைக்கு வரும்போது ஒன்று நாற்பத்தாறு.

எடுத்ததும், "என்ன?" என்றார். பின்னால் ஸ்டேஷன் சத்தம்.

"வண்டி வந்துருச்சா?"

"அஞ்சு நிமிசம் லேட்டாம். பரீட்சை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு." பக்கத்தில் ஜெபக்கனி டீச்சர் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவட்டும். "அன்னைக்கு நீங்க நிறுத்துனது எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

நான் விடாமல் சொன்னேன். "உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. மாத்திரையா இருக்கும், சுகரா இருக்கும். எல்லாருக்கும் வாரதுதானாம். டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர்ட்ட என்னயப் பத்தியா சொன்ன?"

"என்னயப் பத்திச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கல்யாணமானதுல இருந்து மூச்சு மட்டுந்தான் வாங்குனேன். நெசத்துக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியாது, உங்கள்ட்ட என்னத்தச் சொல்ல."

ஒலிபெருக்கியில் ஒரு பெண் மூன்று மொழியில் ரயிலின் பெயரைச் சொன்னாள். வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், வைக்கவில்லை.

"நானும் கோவத்துல எந்திரிச்சுப் போகல செம்பகம்" என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. "நீ பாட்டுக்கு மூச்சு வாங்கிட்டுக் கெடந்த. நான் ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இத்தன வருசமும் நீ ஒத்தையிலதான் இப்படிக் கெடந்திருக்கன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பக்கத்துல வந்து படுக்க?"

வண்டி வருகிற இரைச்சலில் அதற்கு நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரைச்சல் நின்றது. ஆட்கள் ஏறுகிற சத்தம், பெட்டி இடிக்கிற சத்தம், யாரோ சீட்டு நம்பர் கேட்டார்கள். அவர் ஏறிவிட்டார் என்று தெரிந்தது. என்னைக் கடந்து டீச்சர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நகருது. சிக்னல் போயிரும்" என்றார். "வச்சிரட்டுமா?"

"வைக்காதீங்க" என்றேன். ஜெபக்கனி டீச்சரும் உள்ளே கட்டுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.